பால்மரமும் பின்தங்கிய தாடையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கோல கங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், வேலி போட்டுக் காப்பாற்றிவரும் ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளின் வழியில் வந்த மரம். மறு வருஷம் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளில் 9 கன்றுகள் கோல கங்சாருக்குப் போயின. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றைத் தம் மாளிகைத் தோட்டத்தில் வளர்த்தார். இன்று அங்கே போகிறவர்கள் மரத்தருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ரப்பர் என்றதும் அவர்களுக்கு டயர் நினைவுக்கு வரும், காலணி நினைவுக்கு வரும், தோட்டத்து லய வீடுகளும் விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டும் நினைவுக்கு வரும். பல் வைத்தியம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

ஆனால் அந்தக் கன்றுகள் பேராக் மண்ணில் வேர்விடும் முன்பே ரப்பர் மனித வாய்க்குள் நுழைந்துவிட்டிருந்தது. ரப்பரில் கந்தகத்தைத் தாராளமாகச் சேர்த்து நீராவியில் வேகவைத்தால் கொம்பு போல இறுகிவிடும். சார்லஸ் குட்இயரின் தம்பி நெல்சன் 1851இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வல்கனைட் என்று பெயர் பெற்ற அந்தப் பொருள் பல்செட்டின் விலையை அடியோடு இறக்கியது. அதுவரை தங்கத் தகடு வைத்துக் கட்டிய பல்லை, இப்போது சாதாரணக் குடும்பமும் கட்டிக்கொள்ள முடிந்தது. வல்கனைட் பல்செட்டுக்குக் காப்புரிமை வைத்திருந்த கம்பெனி சும்மா இருக்கவில்லை. வல்கனைட்டைத் தொட்ட பல் வைத்தியர்களையெல்லாம் ஊர் ஊராகத் தேடிப்பிடித்து உரிமக் கட்டணம் கேட்டு வழக்குப் போட்டது. அதில் வெறுத்துப்போன சாமுவேல் சால்பண்ட் என்ற பல் வைத்தியர், 1879ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று சான் பிரான்சிஸ்கோ ஓட்டலில் அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கனைச் சுட்டுக் கொன்றார். பல்செட்டுக்காக ஒரு கொலை! கம்பெனியின் ஆட்டமும் அதன்பின் நெடுநாள் நீடிக்கவில்லை. 1881இல் காப்புரிமை காலாவதியானது.

ஏறக்குறைய அதே சமயத்தில் நியூயார்க்கில் நார்மன் கிங்ஸ்லி என்பவர் வல்கனைட்டை வேறொரு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். சிற்பமும் தெரிந்த பல் வைத்தியர் அவர். மேல் அண்ணத்தில் பொருந்தும் ஒரு தகடு செய்து, அதன் முன்புறத்தில் ஒரு சரிவை வைத்தார். வாயை மூடும் குழந்தையின் கீழ்ப் பற்கள் அந்தச் சரிவில் இடித்து வழுக்கி முன்னே வந்தாக வேண்டும். கடியை ஒரு தாவு தாவ வைப்பது என்று அதற்குப் பெயரிட்டார். 1880இல் வெளியான அவருடைய நூலில் இது இருக்கிறது. பின்னால் கிடக்கும் கீழ்த்தாடையை வளரும் வயதில் முன்னே இழுத்து வரலாம் என்ற எண்ணத்துக்கு இதுதான் தொடக்கம்.

தமிழில் இந்தக் கோளாறுக்கு நேரான பெயர் கிடையாது. நம்மிடம் இருப்பது எத்துப்பல், தூக்குப்பல். இரண்டு சொல்லும் மேல்வரிசையைத்தான் குற்றம் சாட்டுகின்றன. ‘அவங்க அப்பா வழி எத்துப்பல்லு’ என்று சொல்லும் பாட்டி பையனின் பல்லைப் பார்க்கிறாளே தவிர மோவாயைப் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் திருப்பி நிறுத்திப் பார்த்தால் கதை வேறு: பெரும்பாலான குழந்தைகளுக்கு மேல் பல் வெளியே பாய்ந்ததைவிடக் கீழ்த்தாடை உள்ளே தங்கிவிட்டதுதான் நடந்திருக்கும். அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள் 1899இல் பற்களின் கடியை மூன்று வகையாகப் பிரித்தபோது இது இரண்டாம் வகைக்குள் வந்தது. 8 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் எக்ஸ்ரேக்களை அலசிய ஜேம்ஸ் மெக்நமாரா, இந்த வகையில் அதிகம் காணப்படும் அம்சம் பின்தங்கிய கீழ்த்தாடைதான் என்று 1981இல் எழுதினார். பாட்டிகள் நூறு வருஷமாகத் தப்பான ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கிங்ஸ்லிக்குப் பிறகு கதை ஐரோப்பாவுக்குப் போனது. பிரான்சில் பியேர் ராபின் 1902இல் மேலும் கீழும் சேர்ந்த ஒற்றைக் கட்டியாக ஒரு கருவி செய்தார். டென்மார்க்கின் விக்கோ ஆண்ட்ரேசன் கதை இன்னும் சுவையானது. 1908இல் தம் மகள் கோடை விடுமுறைக்குப் புறப்பட்டபோது, அவள் பற்களில் ஒட்டியிருந்த கம்பிகளைக் கழற்றிவிட்டுத் தளர்வான ஒரு தகட்டை மட்டும் கொடுத்தனுப்பினார், பற்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று. விடுமுறை முடிந்து அவள் திரும்பியபோது கடி இன்னும் சீராகியிருந்தது. எந்தத் திருகும் இல்லை, எந்தக் கம்பியும் இழுக்கவில்லை. குழந்தையின் தசைகளே வேலையைச் செய்திருந்தன. பிறகு நார்வேயின் ஓஸ்லோவில் கார்ல் ஹாய்ப்லுடன் சேர்ந்து இதை ஒரு முழு வைத்திய முறையாக வளர்த்து, 1936இல் இருவரும் நூல் எழுதினார்கள். தங்கக் கம்பிக்கு வக்கில்லாத ஐரோப்பியக் குடும்பங்களுக்கு இந்த மலிவான தகடு வரமாக வந்தது.

அந்தக் காலத்துத் தகடுகள் வல்கனைட்டால் ஆனவை. அக்ரிலிக் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது 1930களின் கடைசியிலும் அதற்குப் பின்னும்தான். 1920களில் உலகத்தின் ரப்பரில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து கப்பலேறியது. சுங்கை சிப்புட்டிலோ பத்து காஜாவிலோ ஒரு தமிழ்ப் பெண் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டிய மரத்துப் பால், ஓஸ்லோவில் ஒரு சிறுமியின் தாடையை முன்னே தள்ளியிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வெட்டியவளின் சொந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு வைத்தியம் உலகத்தில் இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது.

தெரிந்திருந்தாலும் எங்கே போவது? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்கச் சொன்னது. வைத்தியத்துக்கு டிரெசர் என்ற தோட்டத்து மருத்துவ உதவியாளர் இருந்தார். அவருக்கு மலேரியாவையும் கொக்கிப்புழுவையும் பிரசவத்தையும் பார்க்கவே நேரம் போதாது. பல்வலி என்றால் கிராம்பு, அதற்கும் அடங்காவிட்டால் பட்டணம். பட்டணம் என்றால் ஈப்போ. ஈப்போவின் கடைத்தெருக்களில் சீனப் பல் வைத்தியர்கள் இருந்தார்கள். கல்லூரிக்குப் போகாமல் தகப்பனிடமோ மாமனிடமோ தொழில் கற்றவர்கள் அவர்களில் நிறைய. பிடுங்குவார்கள், கட்டுவார்கள், தங்கம் பூட்டுவார்கள். முன்பல்லில் தங்கம் மின்னுவது வசதியின் அடையாளமாக இருந்த காலம் அது. வளைந்த பல்லை நிமிர்த்துவது அந்தக் கடையின் வேலை இல்லை. தாடையை வளர்ப்பது எந்தக் கடையின் வேலையும் இல்லை.

முறைப்படி படித்தவர்கள் சிலரே. சிங்கப்பூரில் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் 1929இல்தான் பல் மருத்துவப் பள்ளி தொடங்கியது. அங்கே பேராசிரியராக இருந்த எட்கர் டிராட்மன் என்ற ஆங்கிலேயர் ஓய்வு நேரத்தில் குகை ஆராய்ச்சி செய்தவர். இந்தியர், சீனர், மலாய்க்காரர்களின் பற்களை ஒப்பிட்டு 1950இல் அவர் எழுதிய கட்டுரையை மானிடவியலாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்தியரின் பல் அறிவியலுக்குப் பயன்பட்டது, தோட்டத்துத் தமிழரின் பல் வைத்தியத்துக்கு இன்னும் காத்திருந்தது.

1948 பேராக் தமிழர்களுக்கு வேறு காரணத்தால் மறக்காத ஆண்டு. ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்தில் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் பிறந்தது. அதே வருஷம் பல் வைத்தியர் பதிவுச் சட்டமும் வந்தது. கடைத்தெருச் சீனர்களில் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களைத் தனிப் பிரிவாகப் பதிந்துகொண்டு, படிக்காமல் புதிதாக வருவோருக்குக் கதவைச் சாத்தியது. அந்தப் பழைய தலைமுறை மெல்ல மறைந்தது. அடுத்த வருஷம், 1949இல், பினாங்கில் இன்னொரு கதவு திறந்தது.

நியூசிலாந்தில் தாமஸ் ஹண்டர் என்பவர் 1921இல் ஒரு காரியம் செய்திருந்தார். பல் டாக்டர்கள் போதவில்லை, பிள்ளைகளின் வாயெல்லாம் சொத்தை. அதனால் இளம்பெண்களுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பினார். சொத்தை அடைப்பது, பால்பல் பிடுங்குவது, தேய்க்கச் சொல்லிக்கொடுப்பது, அவ்வளவுதான் அவர்கள் வேலை. அந்தப் பள்ளிப் பல்லறைக்கு நியூசிலாந்துப் பிள்ளைகள் கொலைக்கூடம் என்று பட்டப்பெயர் வைத்தது தனிக்கதை. மலாயா இந்த முறையை அப்படியே எடுத்துப் பினாங்கில் பயிற்சிப்பள்ளி வைத்தது. அங்கிருந்து வந்த பெண்களை, மற்ற நர்ஸ்களைப் போலவே, தமிழ்ப் பிள்ளைகள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார்கள்.

தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கு மிஸ்ஸி வந்தது ஒரே நாளில் அல்ல. முதலில் பட்டணத்துப் பள்ளிகள், பிறகுதான் செம்மண் சாலைகள். மடக்கு நாற்காலி, காலால் மிதித்து ஓட்டும் துளையிடும் கருவி, கொதிநீர்ப் பாத்திரம் என்று ஒரு சின்ன ஆஸ்பத்திரியே லாரியில் வந்து இறங்கும். வகுப்பறையில் ஒரு மூலையை ஒதுக்கிக்கொண்டு பெயர் கூப்பிடுவார்கள். பேராக்கில் இன்றும் 130க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நாட்டில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அவற்றில் பெரும்பகுதி தோட்டத்தில் பிறந்தவை என்று நினைத்துப் பார்த்தால், எத்தனை மேசை, எத்தனை வாய் என்பது புரியும்.

மிஸ்ஸிக்குத் தாடையைத் திருத்தும் வேலை இல்லை. ஆனால் வருஷம் தவறாமல் அதே வாயைப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். இந்த வைத்தியத்தில் கருவியைவிடப் பெரிய விஷயம் அதுவே.

ஏனென்றால் தாடைக்கு ஒரு பருவம் உண்டு. குழந்தையின் உயரம் சட்டென்று கூடும் அந்த ஒன்றிரண்டு வருஷங்களில்தான் கீழ்த்தாடையும் வேகமாக நீளும். பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 11, 12 வயதில், பையன்களுக்கு ஓரிரு வருஷம் கழித்து. தோட்டத்துத் தாய் பள்ளிச் சட்டை கை ஏறிவிட்டதைப் பார்த்து ‘நெடுநெடுன்னு வளர்றான்’ என்று சலித்துக்கொள்கிறாளே, அதே நேரம். பல் மருத்துவர் கழுத்தெலும்பின் எக்ஸ்ரேயையோ மணிக்கட்டின் எக்ஸ்ரேயையோ பார்த்துக் கணிக்கிறார். தாய் சட்டையைப் பார்த்துக் கணிக்கிறாள். அந்தப் பருவம் போய்விட்டால் தகடு போட்டுப் பயன் குறைவு. பிறகு மேல்வரிசையில் இரண்டு பல்லை எடுத்துவிட்டு முன்பல்லை உள்ளே இழுத்து ஒப்பேற்றலாம். அல்லது வளர்ச்சி முழுவதும் நின்றபின் தாடையை அறுத்து நகர்த்தலாம். ஆஸ்திரியாவின் டிராவ்னரும் ஓப்வெகெசரும் 1957இல் விவரித்த அந்த அறுவை முறைதான் மெருகேறி இன்றும் நடக்கிறது.

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் வில்லியம் கிளார்க் 1977 செப்டம்பரில் ஒரு பையனுக்குப் பொருத்திய கருவி இந்தத் துறையையே மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய தகடுகள் மேலும் கீழும் ஒட்டிய ஒரே கட்டி. வாயில் போட்டால் பேச வராது, ராத்திரி மட்டும் போட்டுக்கொள்வார்கள். கிளார்க் அதை இரண்டாகப் பிரித்தார். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, இரண்டிலும் சரிவான கட்டை. வாயை மூடினால் ஒரு சரிவின் முன்னே மற்றது வந்து உட்கார்ந்துகொள்ளும். கீழ்த்தாடைக்குப் பின்னே போக வழியில்லை. பேசலாம், சாப்பிடலாம். டுவின் பிளாக் என்ற பெயரில் உலகமெங்கும் போனது, மலேசியாவின் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கும் வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் புலம் தொடங்கியது 1972இல்தான். அதற்கு முன் இந்த நாட்டவர் பல் டாக்டர் படிப்புக்குச் சிங்கப்பூருக்கும், பல் சீரமைப்பில் தேறுவதற்குக் கடல் கடந்தும் போகவேண்டியிருந்தது.

கருவி வந்தது. நிபுணரும் ஒருவர் இருவராக வந்தார்கள், பெரிய ஊர்களில். தோட்டத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருந்தது. டுவின் பிளாக் போட்ட பிள்ளை ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை வந்து காட்டவேண்டும், ஒரு வருஷத்துக்குப் பக்கம். அதன்பின் பற்களில் கம்பி மாட்டினால் இன்னும் ஒன்றரை, இரண்டு வருஷம். ஒவ்வொரு தடவையும் பஸ் கூலி. கூட வரும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நாள் சம்பளம் போச்சு. மழை பெய்தாலே மரம் வெட்ட முடியாமல் சம்பளம் போகும் தொழிலில், பிள்ளையின் மோவாய்க்காக ஒரு நாளை விடுவது எளிதில் எடுக்கும் முடிவு அல்ல. வலி இருந்தால் போவார்கள். எத்துப்பல் வலிக்காது.

வலிக்காது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. ‘பல்லா’ என்ற பட்டப்பெயர் கொஞ்சமாகவா வலிக்கும்? போட்டோ எடுக்கும்போது உதட்டை இழுத்து மூடிக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார்கள். இன்னொன்று, நீட்டிக்கொண்டிருக்கும் முன்பல் பந்து பட்டாலும் சைக்கிளிலிருந்து விழுந்தாலும் முதலில் உடையும்.

எத்துப்பல்லுக்குக் காரணம் தேடிப் போனால் ஆயாக்கொட்டகைக்கும் போகவேண்டியிருக்கும். அம்மா இருட்டில் பிரட்டுக்குப் போய்விட, கைக்குழந்தைகள் ஆயாவின் பொறுப்பில் ஏணையில் தூங்கின. தாய்ப்பால் இடைவேளையில்தான். புட்டிப்பாலும், தகர டின்னில் வரும் இனிப்பான கட்டிப்பாலும் ஏழைக் குழந்தைகளுக்கு என்ன செய்தன என்று சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் கொலை என்ற சொல்லையே தலைப்பில் வைத்துப் பேசினார். அவர் பேசியது உயிரைப் பற்றி, தாடையைப் பற்றி அல்ல. தாய்ப்பால் குறைந்து விரல் சூப்புவது நீண்டால் மேல் பல் முன்னே வரும் வாய்ப்புக் கூடும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. ஆனாலும் தாடையின் அளவில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆயாக்கொட்டகையின் தலையில் முழுப் பழியையும் போட முடியாது.

தோட்டத்துப் பிள்ளைகள் இழந்தது எவ்வளவு என்று கணக்குப் போட உட்கார்ந்தால் அறிவியல் ஒரு குறுக்குக் கேள்வி கேட்கிறது. தகடு போட்டால் தாடை உண்மையில் வளருமா? 1970களில் குரங்குகளிடம் நடந்த சோதனைகளில், தாடையை முன்னே பிடித்து வைத்தால் மூட்டுக் குருத்தெலும்பு கூடுதலாக வளர்ந்தது. எல்லோருக்கும் குஷி. மனிதக் குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்த்தபோது உற்சாகம் வடிந்தது. பிரிட்டனில் கெவின் ஓ'பிரையன் குழுவினர் 8 முதல் 10 வயதுக்குள் 174 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. டுவின் பிளாக் முன்பல் நீட்டலை நன்றாகவே குறைத்தது; ஆனால் அந்தக் குறைவில் பெரும்பங்கு பற்கள் நகர்ந்ததால் வந்தது, எலும்பு வளர்ந்ததால் வந்தது கொஞ்சம்தான். அதே பிள்ளைகளைப் பல வருஷம் கழித்துப் பார்த்தபோது, சீக்கிரம் தொடங்கியவர்களுக்கும் பருவத்தில் தொடங்கியவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் இல்லை. இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சலித்து எடுத்து 2013இல் கொக்ரேன் தொகுப்பாய்வை எழுதிய குழுவின் முதல் பெயர் பத்ரி திருவேங்கடாச்சாரி. சிறுவயதிலேயே தொடங்குவதால் கிடைக்கும் தெளிவான லாபம் ஒன்றுதான் என்றது அது: முன்பல் அடிபட்டு உடைவது குறையும்.

ஆகவே ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதில்லை. 11, 12 வயதைத் தவறவிடாமல் இருந்தால் போதும். அந்த வயதில்தான் தோட்டத்துப் பிள்ளை தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டை முடித்துப் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு மாறுகிறது. வருஷா வருஷம் பார்த்த மிஸ்ஸி கைவிட்டு, புதிய பள்ளி, புதிய கார்டு, புதிய வரிசை. பாதிப் பேர் நழுவிப்போக இதைவிட வசதியான இடம் கிடையாது.

இப்போது லயங்களில் ஆள் குறைவு. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. குடும்பங்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும் அதைச் சுற்றிய தாமான்களுக்கும் வந்துவிட்டன. அரசாங்க நிபுணர் கிளினிக்கில் வரிசை நீளம். யாருக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்க, புரூக், ஷா என்ற இருவர் பிரிட்டனில் 1989இல் வகுத்த அளவுகோல் இருக்கிறது: மேல் முன்பல் கீழ்ப் பல்லைவிட 6 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் நாலாம் நிலை, 9 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐந்தாம் நிலை. அளக்கும் ஸ்கேல் உள்ளங்கைக்குள் அடங்கும். காத்திருக்க முடியாதவர்கள் தனியாரிடம் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொடுக்கிறார்கள். அதுவும் முடியாதவர்களை நம்பி வீட்டில் வைத்துப் பிரேசஸ் ஒட்டும் கூட்டமும் கிளம்பியது. 2017இல் மலாக்காவில் உரிமமில்லாமல் அப்படித் தொழில் செய்த ஒருவருக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் போட்டது. 1948இல் சாத்திய கதவின் சந்து வழியே வேறு யாரோ வந்துவிட்டார்கள். பழைய சீன வைத்தியருக்காவது கை பழகியிருந்தது.

புந்தோங் என்றால் கச்சாங் பூத்தே. முறுக்கும் பக்கோடாவும் வறுகடலையும் மலைபோலக் குவிந்திருக்கும் அந்தக் கடைகளுக்கு நடுவே வளரும் பிள்ளைக்குக் கம்பி மாட்டி, கடினமானது எதையும் கடிக்காதே என்று சொல்லி அனுப்புவதைவிடக் கொடுமை உண்டா! கம்பியிலிருந்து பெயர்ந்து விழும் சின்ன உலோகத் துண்டுகளில் எத்தனை முறுக்கின் கணக்கில் சேரும் என்பது கிளினிக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

தகடு இப்போது அக்ரிலிக். வல்கனைட் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஆனால் தகட்டுக் காலம் முடிந்து கம்பி மாட்டியபின், மேல் கோரைப்பல்லில் ஒரு கொக்கி, கீழே கடைவாய்ப்பல்லில் ஒரு கொக்கி, இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம் மாட்டச் சொல்கிறார்கள், இழுத்துப் பிடித்த கடி பின்வாங்காமல் இருக்க. மிளகளவே இருக்கும் அந்த வளையம் பெரும்பாலும் அசல் ரப்பர்ப் பால். வாய் ஈரத்தில் ஒரே நாளில் தொய்ந்துபோகும். அதனால் நூறு வளையம் கொண்ட சின்னப் பொட்டலம் பள்ளிப் பையில் பென்சிலோடு கிடக்கிறது. வகுப்பு நடுவே ஒன்று அறுந்து தெறித்தால் பக்கத்து மேசைப் பையன் சிரிப்பான். பிள்ளை கண்ணாடி இல்லாமலே, நாக்கால் கொக்கியைத் தடவிப் பார்த்து, இன்னொன்றை எடுத்து மாட்டிக்கொள்ளும்.